கடைசி ஐந்நூறு மீட்டர்: கடலிலிருந்து கரையேறும் போர் ஏன் இன்னும் இவ்வளவு கடினம்?

2024 மே மாதம் காசா கடற்கரையில் அமெரிக்கப் படையினர் ஒரு மிதக்கும் துறையை அமைத்தார்கள். ஏறத்தாழ 23 கோடி டாலர் செலவாகும் என்று மதிப்பிடப்பட்ட அந்தத் துறை, நிவாரணப் பொருட்களை இறக்கத் தொடங்கிய பத்து நாட்களுக்குள் அலையில் உடைந்தது. பழுது பார்த்து மீண்டும் பொருத்தினார்கள். கடல் கொந்தளித்தபோது மறுபடி கழற்றினார்கள். ஜூலையில் திட்டத்தையே முடித்துக்கொண்டார்கள்.

2025 தொடக்கத்தில் இன்னொரு செய்தி வந்தது. சீனாவின் குவாங்சோ கப்பல் கட்டும் தளத்தில், கால்களைக் கடலடியில் ஊன்றி நிற்கக்கூடிய பெரிய மிதவைகள் தென்பட்டன. ஒன்றோடொன்று இணைத்தால் அவை ஆழ்நீரிலிருந்து கரை வரை நீளும் பாலமாகிவிடும். தைவான் மீதான படையெடுப்புக்கான ஆயத்தமா என்று உலகம் முழுவதும் விவாதம் எழுந்தது.

ஏவுகணையும் ட்ரோனும் வந்துவிட்ட காலத்தில் கடற்கரையில் படை இறக்குவதைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு? எதிரி சுடாத கரையிலேயே ஒரு வல்லரசின் துறை உடைந்துபோனது ஏன்? இரண்டு கேள்விகளுக்கும் விடை, கடலும் நிலமும் சந்திக்கும் ஐந்நூறு மீட்டர் அகலப் பட்டையில் இருக்கிறது.

இந்தப் போர்முறையின் வரலாற்றைப் பெரும்பாலும் தளபதிகளின் துணிச்சலையும் காலாட்படையின் தியாகத்தையும் வைத்தே சொல்லி வந்திருக்கிறார்கள். கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் அதே ஆவணங்களை ஆராய உட்கார்ந்தால், அவர் கை முதலில் போவது வேறு காகிதங்களுக்கு: ஓதத்தின், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கத்தின், அட்டவணை, கடற்கரையின் சரிவைக் குறித்த வரைபடம், எந்தக் கப்பலில் எதை எந்த வரிசையில் ஏற்றினார்கள் என்ற பட்டியல். வெற்றி தோல்விகளின் காரணம் பெரும்பாலும் அந்தக் காகிதங்களில்தான் கிடைக்கிறது என்பது என் கருத்து. அந்த வழியிலேயே இக்கட்டுரை செல்கிறது.

முதலில் சொற்கள்

கடலிலிருந்து புறப்பட்டு நிலத்தில் போரிடும் முறைக்கு ஈரூடகப் போர் என்று பெயர். படைகள் கரையில் இறங்கும் செயல் தரையிறக்கம். இறங்கியவர்கள் முதலில் பிடித்து வைத்துக்கொள்ளும் கரைப்பகுதியை இங்கே கரைத்தளம் என்று குறிப்பிடுகிறேன். இராணுவப் பாடநூல்கள் இதை நான்கு வகையாகப் பிரிக்கின்றன:

1. தாக்கிக் கைப்பற்றுதல். இறங்கி, நிலைத்து, உள்நாட்டுக்குள் முன்னேறுவது.
2. திடீர்த் தாக்குதல். இறங்கி, வேலையை முடித்துவிட்டுத் திரும்புவது.
3. பாவனை. இறங்கப் போவதாக எதிரியை நம்பவைத்து அவன் படையைக் கரையிலேயே கட்டிப்போடுவது. 1991 வளைகுடாப் போரில் குவைத் கரைக்கு எதிரே அமெரிக்கக் கப்பல்கள் நின்றது இதற்காகத்தான். ஈராக்கியப் படைப்பிரிவுகள் கடலைப் பார்த்தபடி காத்திருக்க, தாக்குதல் பாலைவனத்தின் வழியே வந்தது.
4. பின்வாங்குதல். கரையில் உள்ள படையைக் கப்பலில் ஏற்றி மீட்பது.

வானத்திலிருந்து ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்குவதும் இன்று இதில் அடங்கும். 1956 நவம்பரில் சூயஸ் நெருக்கடியின்போது பிரிட்டிஷ் கமாண்டோக்கள் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் போய் இறங்கியதுதான் அந்த வகையில் முதல் பெரிய தாக்குதல். ஆனால் டாங்கி, எரிபொருள், வெடிமருந்து, மருத்துவமனை எல்லாம் ஹெலிகாப்டரில் போகாது. அவை கடற்கரை வழியாகத்தான் போயாக வேண்டும்.

சீசருக்குத் தெரியாமல் போன ஓதம்

கி.மு. 55-இல் ஜூலியஸ் சீசர் பிரிட்டனில் இறங்கியதை, இத்துறையில் நுழையும் எவரும் முதல் பாடமாகப் படிக்கலாம். எல்லாத் தவறும் அதில் இருக்கிறது. அவருடைய கப்பல்கள் ஆழமாக மூழ்கி மிதப்பவை. கரையை நெருங்க முடியாமல் அவை தொலைவிலேயே நின்றுவிட்டன. கவசமும் ஆயுதமும் சுமந்த வீரர்கள் ஆழமான நீரில் குதிக்க வேண்டியிருந்தது. கரையில் நின்ற பிரிட்டன்களுக்கோ தங்கள் கடற்கரை நன்றாகத் தெரியும். குதிரையை எந்த இடத்தில் நீரில் இறக்கலாம் என்பதும் தெரியும். தயங்கி நின்ற வீரர்களைப் பத்தாம் படையணியின் கொடிவீரன் ஒருவன் தானே முதலில் குதித்து இழுத்துச் சென்றான். அதனால் அன்று தப்பித்தார்கள்.

நான்கு நாள் கழித்துப் பௌர்ணமி வந்தது. மத்தியதரைக் கடலில் ஓதம் மிகச் சிறியது. அதில் பழகிய ரோமர்களுக்கு, முழுநிலவு நாளில் அட்லாண்டிக் பக்கத்துக் கடல் எவ்வளவு உயரும் என்பது தெரியாது. அன்று இரவு புயலும் சேர்ந்துகொண்டது. கரையில் இழுத்துவைத்த கப்பல்களில் நீர் புகுந்தது. நங்கூரமிட்டவை ஒன்றோடொன்று மோதி உடைந்தன. எதிரி வில்லெடுக்காமலே படையெடுப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது.

அடுத்த ஆண்டு சீசர் செய்த மாற்றம்தான் முக்கியம். உயரம் குறைந்து அகலம் கூடிய, துடுப்பாலும் செலுத்தக்கூடிய, கரையில் எளிதாக இழுத்தேற்றக்கூடிய கப்பல்களைக் கட்டச் சொன்னார். தரையிறங்கு படகின் இலக்கணம் அப்போதே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

தமிழ் வாசகருக்கு இங்கே முதலாம் இராசேந்திரன் நினைவுக்கு வருவது இயல்பு. 1025-ஐ ஒட்டி ஸ்ரீவிஜயத்தின் மீதும் கடாரத்தின் மீதும் சோழர் நடத்திய படையெடுப்பு, தூரத்தை வைத்துப் பார்த்தால் அக்காலத்தின் மிகத் துணிச்சலான கடல்வழித் தாக்குதல்களில் ஒன்று. அலைகடல் நடுவே பல கலங்களைச் செலுத்தியதையும், பிடித்த ஊர்களின் பெயர்களையும் மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது. வீரர்கள் எந்தப் படகில், எந்த ஓதத்தில், எந்தக் கழிமுகத்தில் இறங்கினார்கள் என்பதைச் சொல்லவில்லை. மெய்க்கீர்த்தியின் வேலை அதுவன்று. ஆனால் ஆராய்ச்சியாளருக்கு அந்த மௌனம் பெரிய இழப்பு.

கலிப்போலி: தோல்வி துறைமுகத்திலேயே தொடங்கியது

முதல் உலகப் போரில், 1915-இல், துருக்கியின் தலைநகரான கான்ஸ்டான்டினோப்பிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) செல்லும் தார்தனெல்ஸ் நீரிணையைத் திறக்க பிரிட்டனும் பிரான்சும் முயன்றன. மார்ச் 18-இல் போர்க்கப்பல்களை மட்டும் அனுப்பினார்கள். ஒரே நாளில் மூன்று போர்க்கப்பல்கள் மூழ்கின. கண்ணிவெடிகள் தம் வேலையைச் செய்தன. அதன் பிறகே நீரிணையின் கரையிலுள்ள கலிப்போலி தீபகற்பத்தில் தரைப்படையை இறக்க முடிவு செய்தார்கள்.

படை கப்பலில் ஏறி வந்துவிட்டது. ஆனால் ஏற்றிய விதம் தவறு. பீரங்கி ஒரு கப்பலில், குண்டு இன்னொரு கப்பலில். வண்டி ஒன்றில், குதிரை மற்றொன்றில். துறைமுகத்தில் இறக்கி நிதானமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் ஏற்றியிருந்தார்கள். எதிரியின் குண்டுமழையில் இறங்குபவனுக்கு முதலில் தேவைப்படுவது கப்பலில் கடைசியாக ஏறியிருக்க வேண்டும். அப்போதுதான் அது மேலே இருக்கும். எல்லாவற்றையும் எகிப்தின் அலெக்சாண்டிரியாவுக்குக் கொண்டுபோய் இறக்கி, மறுபடி வரிசைப்படுத்தி ஏற்றினார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் போயிற்று. அந்த இடைவெளியில் ஜெர்மானியத் தளபதி லிமான் ஃபான் சாண்டர்ஸ் துருக்கியப் படையின் பொறுப்பை ஏற்று, அகழிகளையும் முட்கம்பிகளையும் ஆயத்தம் செய்துவிட்டார்.

ஏப்ரல் 25 காலை, 'ரிவர் கிளைட்' என்ற நிலக்கரிக் கப்பலை வேண்டுமென்றே கரை தட்டவைத்தார்கள். உள்ளே சுமார் 2,000 பேர். பக்கவாட்டில் வெட்டிய வாயில்கள் வழியாக இறங்கி, படகுகளைச் சேர்த்துக் கட்டிய பாலத்தில் நடந்து கரையேறுவது திட்டம். படகுகள் நிலைத்து நிற்கவில்லை. வாயிலில் தலைகாட்டியவர்களெல்லாம் எதிரே இருந்த மேட்டிலிருந்து சுடப்பட்டு விழுந்தார்கள்.

அதே நாள், அதே முனையின் இன்னொரு புறத்தில், 'ஒய்' என்று பெயரிட்ட கரையில் சுமார் 2,000 பேர் ஒரு தோட்டாவும் எதிர்கொள்ளாமல் இறங்கினார்கள். மேலே ஏறி உட்கார்ந்தார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவான உத்தரவு அவர்களிடம் இல்லை. மறுநாள் திரும்பிக் கப்பலேறிவிட்டார்கள். ஆகஸ்டில் சுவ்லா விரிகுடாவிலும் இதே கதைதான்: பெரும்படை எளிதாக இறங்கியது, நேரத்தை வீணாக்கியது, அதற்குள் துருக்கியர் குன்றுகளைப் பிடித்தார்கள். கலிப்போலியில் நன்றாக நடந்தது ஒன்றே ஒன்று. 1915 டிசம்பரிலும் 1916 ஜனவரியிலும் துருக்கியர் அறியாமல், இரவோடு இரவாக, ஏறக்குறைய உயிரிழப்பே இல்லாமல் படையை மீட்டார்கள்.

தோல்வியைப் படித்தவர்கள்

போர் முடிந்ததும், கடல்வழித் தாக்குதல் இனி நடக்காத காரியம் என்று பலர் தீர்ப்பெழுதினார்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் சிலரே. 1921-இல் அமெரிக்க மரைன் படையின் (கப்பலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் படை) அதிகாரி ஏர்ல் எல்லிஸ், பசிபிக்கில் ஜப்பானுடன் போர் மூண்டால் எந்தத் தீவுகளை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று விரிவான திட்டம் எழுதினார். 1923-இல் ஜப்பானின் கட்டுப்பாட்டில் இருந்த பலாவ் தீவில் அவர் இறந்தார். 1925-இல் ஸ்பெயின், மொராக்கோவின் அல்ஹுசிமாஸ் விரிகுடாவில் டாங்கிகளோடு வெற்றிகரமாக இறங்கிக் காட்டியது.

1933 நவம்பரில் அமெரிக்காவின் குவாண்டிகோவில் இருந்த மரைன் பள்ளி வகுப்புகளை நிறுத்திவிட்டு, ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஒரே வேலையில் இறக்கியது: தரையிறக்கத்துக்கு ஒரு கையேடு எழுதுவது. கலிப்போலியைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். 1934-இல் வெளிவந்த அந்தக் கையேடு சிக்கலை ஆறாகப் பிரித்தது:

1. யார் கட்டளையிடுவது? கடற்படையும் தரைப்படையும் எந்தக் கட்டத்தில் யாருக்குக் கட்டுப்பட வேண்டும்?
2. கப்பல் பீரங்கிகள் கரையை எப்படிச் சுட வேண்டும்?
3. விமானங்களின் துணை.
4. கப்பலிலிருந்து கரைக்குப் போகும் நகர்வு.
5. கரைத்தளத்தைப் பிடித்து வைத்தல்.
6. பொருள் வழங்கல்.

முதல் கேள்வி மிகப் பழையது. 1741-இல் இன்றைய கொலம்பியாவின் கார்த்தஹீனாவில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியும் தரைப்படைத் தளபதியும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருக்க, காய்ச்சல் படையைத் தின்றது. 1759-இல் கியூபெக்கில் இருவரும் ஒத்துழைத்தார்கள். தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகளில் இரவில் ஆற்றைக் கடந்து வென்றார்கள். நான்காவது கேள்விக்கோ 1934-இல் விடையே இல்லை. அதற்கான படகு இன்னும் பிறக்கவில்லை.

1937-இல் ஷாங்காயில் ஜப்பானியப் படகுகளின் முன்பக்கம் கதவுபோலத் திறந்து கரையில் சாய்வதை விக்டர் க்ருலாக் என்ற இளம் மரைன் அதிகாரி படமெடுத்து அனுப்பினார். அந்த அமைப்பு நியூ ஆர்லியன்ஸில் ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் கட்டிவந்த சதுப்புநிலப் படகில் சேர்ந்தது. சுமார் 11 மீட்டர் நீளமும் 36 வீரர்களுக்கு இடமும் கொண்ட அந்த வகைப் படகுகள் போர் முடிவதற்குள் 20,000-க்கும் மேல் கட்டப்பட்டன.

தராவா: ஒரு மீட்டர் நீர்

1943 நவம்பர் 20. மத்திய பசிபிக்கின் தராவா பவளத்தீவுக் கூட்டத்தில் பெத்தியோ என்ற தீவு. நீளம் மூன்று கிலோமீட்டர் அளவுதான். சுற்றிலும் பவளப்பாறைத் திட்டு, கரையிலிருந்து ஐந்நூறு மீட்டருக்கும் மேல் நீள்கிறது. ஹிக்கின்ஸ் படகு அந்தத் திட்டைத் தாண்ட 1.2 மீட்டர் நீர் வேண்டும். உயர் ஓதத்தில் 1.5 மீட்டர் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். அந்தத் தீவுகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர், அந்த நாளில் அவ்வளவு நீர் இருக்காது என்று எச்சரித்திருந்தார்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால் ஓதம் பெரிதாகிறது. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் செங்குத்தாக இழுப்பதால் சிறுத்துவிடுகிறது. அன்று தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாள். போதாக்குறைக்கு நிலவு பூமியிலிருந்து மிகத் தொலைவில் இருந்தது. இரண்டும் சேர்ந்ததால் கடல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மணிக்கணக்கில் அப்படியே கிடந்தது. பின்னாளில் வானியல் கணக்கின் மூலம் இதை உறுதிசெய்தார்கள்.

முதல் மூன்று தாக்குதல் அணிகளில் வந்தவர்கள் சங்கிலிச் சக்கரம் பூட்டிய நீர்நில வாகனங்களில் வந்தார்கள். அவை பாறைமேல் ஊர்ந்து ஏறின. அப்படிப்பட்டவை 125 மட்டுமே இருந்தன. பின்னால் படகுகளில் வந்தவர்கள் பாறை விளிம்பில் தட்டி நின்றார்கள். அங்கேயே முன்கதவு திறந்தது. இடுப்பளவு, மார்பளவு நீரில், துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, இயந்திரத் துப்பாக்கிகளை நோக்கி அவ்வளவு தூரமும் நடக்க வேண்டியிருந்தது. ஓட முடியாது, குனிய முடியாது, படுக்கவும் முடியாது. 76 மணி நேரத்தில் தீவு விழுந்தது. அமெரிக்கர்கள் சுமார் 1,000 பேர் இறந்தார்கள். ஜப்பானியத் தரப்பில் ஏறத்தாழ 4,700 பேர் இருந்தார்கள். அவர்களில் உயிரோடு பிடிபட்ட ஜப்பானியர் 17 பேர்தான், கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்கள் 129 பேர்.

அதன் பிறகு, இறங்குவதற்கு முன்பே நீந்திப்போய்க் கரையை அளக்கும் நீரடிக் குழுக்களை அமெரிக்கக் கடற்படை முறையாக உருவாக்கியது.

மணலை அள்ளி வந்தவர்கள்

பிரிட்டன் இந்தப் பாடத்தை ஏற்கெனவே கற்றுக்கொண்டிருந்தது. 1942 ஆகஸ்டில் பிரான்சின் தியெப் கரையில் இறங்கிய டாங்கிகளில் பல, கூழாங்கற்களில் சங்கிலி சிக்கி நின்றுவிட்டன. ஏறத்தாழ 5,000 கனடியர் கலந்துகொண்ட அந்தத் தாக்குதலில் 900-க்கும் மேற்பட்ட கனடியர் இறந்தார்கள். கடற்கரையை நேரில் தொட்டுப் பார்க்காமல் படையை அனுப்பக் கூடாது என்று வாதாடி வந்தவர் நைஜல் க்ளாக்ஸ்டன்-வில்மட். அவர் ஒரு கடற்படை வழிகாட்டி அதிகாரி. 1941-இலேயே ரோட்ஸ் தீவின் கரைக்கு இரவில் நீந்திச் சென்று பார்த்தவர். 1944-இல் நேச நாட்டுப் படைகள் இறங்கிய பிரான்சின் நார்மண்டி கரையை அளந்தது அவர் உருவாக்கிய இரகசியக் குழுதான்.

1943-இன் கடைசி இரவு, பிரெஞ்சுக் கரையில் ஜெர்மானியர் புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இருக்க, அக்குழுவினர் இருவர் குளிர்நீரில் நீந்திக் கரையேறினார்கள். கையில் மண்ணைத் துளைத்தெடுக்கும் கருவி, மாதிரிகளைப் போட்டுவைக்கும் குழாய்கள். கடற்கரையில் மணலுக்கடியில் களிமண்ணும் மட்கிய சேறும் இருக்கலாம், டாங்கியின் எடை தாங்காது என்ற ஐயம் இருந்தது. அதைத் தீர்க்க, ரோந்துக்காரர்கள் நடக்கும் கரையில் தவழ்ந்து, குறித்த இடங்களில் துளையிட்டு, மண்ணோடு திரும்பி நீந்தினார்கள்.

ஓதத்தை லிவர்பூலில் ஆர்தர் டூட்சன் கணித்தார். பல்சக்கரங்களும் கப்பிகளும் கொண்ட கணிப்பு இயந்திரத்தில், 'இடம் இசட்' என்று மட்டுமே பெயரிட்டு அனுப்பப்பட்ட எண்களை வைத்துக்கொண்டு அவர் வேலை செய்தார். நீருக்குள் நட்டிருந்த தடைகள் வெளியே தெரிய வேண்டுமானால் தாழ் ஓதத்தை ஒட்டி இறங்க வேண்டும்; வான்படைக்கு நிலவொளி வேண்டும். இரண்டும் பொருந்தியது 1944 ஜூன் 5, 6, 7 ஆகிய நாட்களில் மட்டும். கரை நெடுகிலும் ஓதம் ஒரே நேரத்தில் வராததால் அமெரிக்கர்கள் காலை 6.30-க்கும், கிழக்கே பிரிட்டிஷ், கனடியப் படைகள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்தும் இறங்கினார்கள். அப்படிக் கணக்கிட்டும் கடல் தன் பங்கை எடுத்துக்கொண்டது: ஒமாஹா கரைக்கு முன்னே ஒரு படைப்பிரிவு மிதக்கும்படி மாற்றியமைத்துக் கடலில் இறக்கிய 29 டாங்கிகளில் 27 மூழ்கின.

இறங்கிய பின் நடக்கும் ஓட்டம்

தரையிறக்கத்தின் அடிப்படைக் கணக்கு எளிது. இறங்கியவன் கடல்வழியாகத் தன் பலத்தைக் கூட்டுகிறான்; எதிர்ப்பவன் சாலையிலும் ரயிலிலும் கூட்டுகிறான். யார் வேகமாகக் கூட்டுகிறார்களோ அவர்கள் வெல்வார்கள். 1944 ஜனவரியில் இத்தாலியின் அன்சியோவில் முதல் நாளே சுமார் 36,000 பேர் ஏறக்குறைய எதிர்ப்பின்றி இறங்கினார்கள். நின்று பலப்படுத்திக்கொள்வதற்குள் ஜெர்மானியர் வளைத்துவிட்டார்கள். அங்கிருந்து வெளியேற மே மாதம் ஆயிற்று.

இந்த ஓட்டத்தில் கடல் தரப்பின் ஆயுதம், டாங்கிகளைச் சுமந்து வந்து நேராகக் கரையில் ஏறும் எல்.எஸ்.டி. என்ற கப்பல். சுமார் 100 மீட்டர் நீளம். பெருங்கடலைக் கடக்க ஆழமாக மிதக்க வேண்டும். கரையேற மேலெழும்ப வேண்டும். அதற்காக வயிற்றில் தொட்டிகள் வைத்தார்கள். நடுக்கடலில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். கரைக்கு வருமுன் வெளியேற்றிவிடும். கரை தட்டுவதற்கு முன்பே பின்புற நங்கூரத்தைப் போட்டுவிட்டு வரும். சரக்கை இறக்கியதும் அந்தச் சங்கிலியைச் சுருட்டித் தன்னைத் தானே பின்னால் இழுத்துக்கொள்ளும். ஆயிரத்துக்கும் மேல் கட்டியும் போதவில்லை. நார்மண்டியோடு சேர்த்து நடத்த நினைத்த தென் பிரான்ஸ் தரையிறக்கம் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனதற்கு இக்கப்பல்களின் பற்றாக்குறையே முதன்மையான காரணம்.

கொரியப் போரில், 1950 செப்டம்பர் 15-இல் அமெரிக்கப் படை இறங்கிய இஞ்சோனில் இந்தக் கணக்கு விளிம்பு வரை போனது. அங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் சுமார் 9 மீட்டர். நீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. யூஜின் கிளார்க் என்ற கடற்படை அதிகாரி இரு வாரங்களுக்கு முன்பே அருகிலிருந்த தீவில் இறங்கி, சேற்றின் ஆழத்தையும் ஓத அட்டவணைகளின் துல்லியத்தையும் சோதித்தார். தாக்குதலுக்கு முந்தைய இரவில் பல்மிதோ கலங்கரை விளக்கத்தை ஏற்றிவைத்தார். காலை ஓதத்தில் ஒரு தீவு, மாலை ஓதத்தில் நகரம். இடைப்பட்ட நேரத்தில் முன்னே போனவர்களுக்கு உதவி வராது. மாலையில் எட்டு எல்.எஸ்.டி. கப்பல்களைக் கரையிலேயே ஏற்றி, நீர் வற்றினாலும் வற்றட்டும் என்று இரவு முழுவதும் சேற்றில் விட்டுவைத்தார்கள். உள்ளே வெடிமருந்தும் எரிபொருளும். அந்தத் துணிவு இல்லையென்றால் நகரத்தில் நின்றவர்களுக்கு மறுநாள் சுட எதுவும் மிஞ்சியிருக்காது.

ஏவுகணைக் காலம்

1982-இல் அர்ஜென்டினா கைப்பற்றிய ஃபாக்லாந்துத் தீவுகளை மீட்கப் புறப்பட்ட பிரிட்டிஷ் கப்பல்களிலும் அவசரத்தில் சரக்கு தாறுமாறாக ஏற்றப்பட்டிருந்தது. 1915-இல் அலெக்சாண்டிரியாவில் செய்த வேலையை இம்முறை அசென்ஷன் தீவில் செய்தார்கள். மே 25-இல் 'அட்லாண்டிக் கன்வேயர்' என்ற சரக்குக் கப்பல் ஏவுகணையில் எரிந்தபோது, அதிலிருந்த பெரிய ஹெலிகாப்டர்களும் போயின. படை நடந்து தீவைக் கடந்தது. ஜூன் 8-இல் கரைக்கு அருகே நின்ற 'சர் கலஹாட்' குண்டுவீச்சுக்கு ஆளாகி 48 பேர் இறந்தார்கள்.

உக்ரைன் போரில், 2022 மார்ச் 24-இல், ரஷ்யாவின் தரையிறங்கு கப்பல் 'சரத்தோவ்' பெர்தியான்ஸ்க் துறைமுகத்தில் எரிந்து மூழ்கியது. அடுத்த மாதம் 'மஸ்க்வா' ஏவுகணைக் கப்பலும் மூழ்கியது. ஒடெஸாவில் எதிர்பார்க்கப்பட்ட தரையிறக்கம் நடக்கவேயில்லை. அமெரிக்க மரைன்களே 2020-க்குப் பிறகு டாங்கிகளைக் கைவிட்டு, தீவுகளில் ஏவுகணையோடு பரவி நிற்கும் சிறு குழுக்களாக மாறி வருகிறார்கள்.

அப்படியானால் சீன மிதவைகளை எப்படிப் புரிந்துகொள்வது? செய்தியைப் படிக்கும்போது இவற்றைப் பார்க்கலாம்:

1. அவை முதலில் இறங்கும் படைக்கானவை அல்ல. அசையாமல் நிற்கும் பாலம் எளிதான இலக்கு. கரையைப் பிடித்த பிறகு, பயணிகள் கப்பல்களிலிருந்து வாகனங்களை விரைவாக இறக்கவே அவை பயன்படும். 1944-இல் நார்மண்டிக்கு இழுத்துச் சென்ற செயற்கைத் துறைமுகங்களின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லலாம்.
2. அந்தத் துறைமுகங்கள் இரண்டில் ஒன்றை ஜூன் 19-இல் எழுந்த புயல் அழித்தது. காசாவிலும் அலைதான் உடைத்தது. கால் ஊன்றி நிற்கும் அமைப்பு இந்தப் பழைய நோய்க்கான மருந்து. எவ்வளவு அலையைத் தாங்கும் என்பது கொந்தளிக்கும் கடலில்தான் தெரியும்.
3. தைவான் நீரிணை மிகக் குறுகிய இடத்திலும் சுமார் 130 கிலோமீட்டர் அகலம். தீவின் மேற்குக் கரையில் பெரும்பகுதி நீர் வற்றினால் சேறு தெரியும் ஆழமற்ற கடல். கரைக்கு வெகுதூரத்திலேயே நிற்க வேண்டிய கப்பல்களுக்கு நீண்ட பாலம் ஏன் தேவைப்படுகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.
4. போர்க்கப்பல்களின் எண்ணிக்கையைவிட, கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள் எங்கே நிற்கின்றன, பயணிகள் கப்பல்கள் இராணுவப் பயிற்சியில் எத்தனை முறை சேர்கின்றன, ஆய்வுக் கப்பல்கள் எந்தக் கரையோரத்தின் ஆழத்தை அளக்கின்றன என்பவையே முன்கூட்டித் தெரியும் அடையாளங்கள். 1950 அக்டோபரில் கொரியாவின் வொன்சான் துறைமுகத்தில் சுமார் 3,000 கண்ணிவெடிகள் ஒரு பெரிய தரையிறக்கத்தை ஏறக்குறைய ஒரு வாரம் கடலிலேயே நிறுத்திவைத்தன. கப்பலில் இருந்த மரைன்கள் கரையேறியபோது, நிலவழியாக வந்த தென்கொரியப் படை ஊரை ஏற்கெனவே பிடித்திருந்தது.